வயிறு என்னும் வயல்

தஞ்சாவூர்ச் சீமையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேசும்போது இரண்டு விஷயங்களை மறவாமல் குறிப்பிடுவார்கள். ஒன்று சங்கீதம், மற்றொன்று சாப்பாடு. சங்கீதத்தைப் பற்றி ஒருவேளை அபிப்பிராய பேதம் உண்டாகலாம். சாப்பாட்டைப் பற்றி உண்டாவதில்லை. மேட்டூரில் மதகு தூக்கிய செய்தி வந்து, கல்லணையைத் தாண்டித் தண்ணீர் இறங்கிவிட்டால், காவேரியும் வெண்ணாறும் அவற்றின் எண்ணற்ற கிளைகளும் பூமியெங்கும் பரவிப் பாய்கின்றன. குறுவை, சம்பா, தாளடி என்று பட்டம் தவறாமல் நெல் விளைகிறது. பழைய தஞ்சாவூர் ஜில்லா இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று பல ஜில்லாக்களாகப் பிரிந்துவிட்டாலும், தமிழ்நாட்டின் நெற்களஞ்சியம் என்ற பட்டத்தை அந்த மண் இன்னும் விட்டுக் கொடுக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட பூமியில் ஒரு சங்கதி நெடுநாளாகப் புதிராகவே இருந்து வருகிறது. நெல்லுக்குக் குறைவில்லாத ஊரில், முகத்தில் இரத்தம் இல்லாத மனிதர்கள் இத்தனை பேர் இருப்பானேன்? நாற்றங்காலில் குனிந்து நிமிரும் பெண்ணின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பாருங்கள். உட்புறம் செக்கச் செவேலென்று இருக்கவேண்டிய இடம் வெளுத்துக் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் நமக்கு இந்த வெளுப்பு நன்றாகப் பழக்கமானது. காலையில் இரண்டாவது மணிக்குள்ளேயே கண்ணயரும் பிள்ளை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் பெண், யாரும் பார்க்காதபோது பச்சரிசியையும் சாம்பலையும் மண்ணையும் வாயில் போட்டுக் கொள்ளும் குழந்தை, இவர்கள் இல்லாத வகுப்பு அரிது.

இது நம் கண்ணுக்கு மட்டும் தோன்றும் காட்சியன்று. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இதற்குக் காரணங்கள் பல. உணவில் இரும்புச் சத்து குறைவு, மாதவிலக்கு, அடுத்தடுத்த பிரசவங்கள், சாப்பிட்ட கையோடு காபியோ தேநீரோ குடித்து, உண்ட கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுத்துக் கொள்ளும் நமது அருமையான வழக்கமும் அவற்றில் ஒன்று. (கும்பகோணத்து நேயர்கள் மன்னிக்க வேண்டும்.) இத்தனைக்கும் மேல், மண்ணிலிருந்து காலின் வழியாக ஏறி, குடலில் கொக்கி போட்டு உட்கார்ந்து கொள்ளும் ஒரு புழுவும் உண்டு.

அந்தப் புழு இரத்தம் குடிக்கும் சேதி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழைய சேதி. ஆனால் அது நம் குடலில் தனியாகக் குடியிருக்கவில்லை என்பதும், அங்கே ஏற்கனவே வாழ்ந்துவரும் கோடானுகோடி நுண்கிருமிகளோடு அதற்குக் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்பதும் கடந்த இருபது வருஷத்துக்குள் வெளிப்பட்ட புதுச் செய்தி. அதைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

கொல்லைப்புறத்து விருந்தாளி

நமது ஊர்ப் பேச்சில் 'கொல்லைக்குப் போதல்' என்று ஒரு வழக்கு உண்டு. 'ஆற்றங்கரைப் பக்கம் ஒதுங்குதல்' என்றும் சொல்வார்கள். மரியாதை கருதி ஏற்பட்ட இந்தச் சொற்களுக்குள்ளேயே கொக்கிப் புழுவின் சரித்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

புழு இருக்கும் மனிதன் மூங்கில் தோப்பிலோ, படுகையிலோ, வாழைக் கொல்லையிலோ மலம் கழிக்கிறான். அதிலே ஆயிரக்கணக்கான முட்டைகள் இருக்கின்றன. ஒரு பெண் புழு நாள் ஒன்றுக்குச் சுமார் 5,000 முதல், சில இனங்களில் 20,000-க்கு மேலும், முட்டை இடுகிறது. நிழல், ஈரம், வெதுவெதுப்பான வண்டல் மண் மூன்றும் சேர்ந்த இடம் அந்த முட்டைக்குப் புக்ககம் மாதிரி. ஓரிரு நாளில் முட்டை பொரிகிறது. ஐந்து முதல் பத்து நாளில் கண்ணுக்குத் தெரியாத இளம்புழு தயாராகி, ஈர மண்ணில் தலையைத் தூக்கிக்கொண்டு, யாருடைய வெறுங்காலாவது வரும் என்று காத்திருக்கிறது. நீர் தேங்கி நிற்கும் வயல் அதற்கு அவ்வளவு உகந்ததன்று. வரப்பை ஒட்டிய மேடும், தோப்பும், கரையுமே அதற்குப் பிடித்த இடங்கள். கால் பட்டதும் விரல் இடுக்கில் துளைத்து உள்ளே புகுகிறது. அங்கே அரிப்பு எடுக்கும். 'சேற்றுப் புண்' என்று அதற்கு மஞ்சள் அரைத்துப் போட்டுவிட்டு மறந்து விடுகிறோம். எல்லாச் சேற்றுப் புண்ணும் கொக்கிப் புழுவால் வருவதல்ல. ஆயினும் புழுவின் வருகையை அறிவிக்கும் அரிப்பும் அந்தக் கூட்டத்தில் கலந்திருக்கக் கூடும்.

உள்ளே போன புழு இரத்தக் குழாய் வழியாக இருதயத்துக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும், பிறகு தொண்டைக்கும் ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேருகிறது. காசி யாத்திரை போனவர் கூட இத்தனை சுற்றிப் போயிருக்க மாட்டார்! இந்த யாத்திரையைக் கண்டறிந்தவர் எகிப்து தேசத்துக் கெய்ரோ நகரில் வேலை பார்த்த ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி. இளம்புழுக்கள் இருந்த தண்ணீர்த் துளி ஒன்று அவர் கையில் தற்செயலாகச் சிந்தியது. அந்த இடம் சிவந்து அரித்தது. பின்னர் அவருடைய மலத்திலேயே முட்டைகள் காணப்பட்டன. வாய் வழியாகவே புழு வருகிறது என்று அதுவரை நம்பி வந்த உலகத்துக்கு, தோல் வழியாகவும் வரும் என்று 1898-ஆம் வருஷம் அவர் எடுத்துச் சொன்னார்.

குடலில் அமர்ந்த புழு ஒரு சென்டிமீட்டர் நீளந்தான் இருக்கும். ஆனால் வருஷக் கணக்கில் வாழும். ஓர் இனம் தினம் 0.03 மில்லி லிட்டர் இரத்தம் குடிக்கிறது; மற்றோர் இனம் 0.15 மில்லி லிட்டருக்கு மேல் குடிக்கிறது. 'இவ்வளவுதானே?' என்று நினைக்க வேண்டாம். பின்னதில் நூறு புழு இருந்தால், தினந்தோறும் 15 மில்லி லிட்டர் போய்விடும். கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டு நாள் முழுவதும் நடவு நடும் ஒரு பெண், அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் ஈடு செய்வாள்?

'சோம்பேறிகள்' என்று பெயர் சூட்டிய காலம்

இந்த நோயின் வரலாற்றில் நாம் மறக்கக் கூடாத பகுதி ஒன்று உண்டு. அமெரிக்காவின் தென் மாகாணங்களில் ஏழை வெள்ளையர்களைச் சோம்பேறிகள் என்று மற்றவர்கள் பரிகாசம் செய்து வந்தார்கள். 1902-ஆம் வருஷம் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்பவர், அவர்களுடைய குடலில் இருந்த கொக்கிப் புழுவை எடுத்துக் காட்டினார். 'சோம்பல் கிருமி அகப்பட்டது' என்று பத்திரிகைகள் எழுதின. 1909-இல் ராக்பெல்லர் என்னும் கோடீசுவரரின் பணத்தால் அங்கே புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது.

அதே பரிகாசத்துக்கு நமது நாட்டுத் தொழிலாளிகளும் ஆளாகியிருந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர்கள், மண்டபம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் எல்லோரையும் பற்றித் துரைமார்கள் சொன்ன முதல் குறை 'வேலையில் சுறுசுறுப்புப் போதாது' என்பதுதான். இலங்கையில் தமிழ்த் தொழிலாளர் நிறைந்த மாத்தளைத் தோட்டங்களில் 1916-ஆம் வருஷம் ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் சோதனையைத் தொடங்கினார்கள். மண்டபம் முகாமில் கடல் தாண்டுமுன்னே புழு மருந்து புகட்டும் ஏற்பாடும் பிறகு வந்தது. சென்னை ராஜதானியில் 1920-களில் கெண்ட்ரிக் என்னும் அமெரிக்க டாக்டர் அதே ஸ்தாபனத்தின் சார்பில் வேலை செய்தார். கல்கத்தாவிலிருந்து ஆஸா சாண்ட்லர் என்னும் பேராசிரியர் இந்தியா முழுவதையும் அளந்து, எந்தப் பிரதேசத்தில் புழு எவ்வளவு என்று எழுதி வைத்தார். அன்றைய மருந்துகளான தைமால், கினோபோடியம் எண்ணெய், கார்பன் டெட்ரா குளோரைடு ஆகியவை புழுவோடு மனிதனையும் ஓர் உலுக்கு உலுக்கி எடுத்தன. தோட்டக்காரர்களின் நோக்கம் கூலியாளின் க்ஷேமமா, கூலிக் கணக்கா என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். ஆயினும் அந்த ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்ட உண்மை நமக்கு உரியது: நம் ஜனங்களுக்குக் குறைவாக இருந்தது சுறுசுறுப்பன்று, இரத்தம்.

குடலுக்குள் ஒரு ஜனத்தொகைக் கணக்கு

இனி, புழுவின் அண்டை வீட்டாரைப் பார்ப்போம்.

2016-ஆம் வருஷம் இஸ்ரேல் தேசத்து வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் நம் உடம்பில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். சராசரி மனித தேகத்தில் அதன் சொந்த உயிரணுக்கள் சுமார் 30 லட்சம் கோடி என்றும், பாக்டீரியா என்னும் நுண்கிருமிகள் சுமார் 38 லட்சம் கோடி என்றும் மதிப்பிட்டார்கள். ஓட்டெடுப்பு நடத்தினால் நம் உடம்பில் நாமே சிறுபான்மையினர்! இந்த நுண்கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம் தேறும்.

'கிருமி' என்றதும் டெட்டால் பாட்டிலைத் தேடி ஓட வேண்டாம். வயலில் நெல்லும், களையும், தவளையும், நண்டும், மண்புழுவும் சேர்ந்தே இருப்பது போல், குடலிலும் பலதரப்பட்ட ஜீவன்கள் சேர்ந்து வாழ்கின்றன. அவற்றுள் பல நமக்கு வேலைக்காரர்கள். நம்மால் ஜீரணிக்க முடியாத நாரையும் கெட்டியான மாவுச் சத்தையும் அவை புளிக்கவைத்து, குடற்சுவருக்கு ஆகாரமாகும் சில அமிலங்களாக மாற்றிக் கொடுக்கின்றன. சில வைட்டமின்களைத் தயார் செய்கின்றன. கெட்ட கிருமிகளுக்கு இடம் கொடாமல் நெருக்கமாகக் குடியிருக்கின்றன. பயிர் அடர்ந்த வயலில் களை முளைக்க இடமில்லாதது போலத்தான்.

இந்த வயலில் புழு வந்து சேர்ந்தால் என்ன நடக்கும்?

புழுவும் கிருமியும்: ஓர் உடன்படிக்கை

முதலில், சில புழுக்களுக்கு நுண்கிருமியின் தயவு இல்லாமல் பிறப்பே கிடையாது என்று தெரிய வந்திருக்கிறது. சாட்டைப் புழு என்று ஒரு ஜாதி உண்டு. அது காலின் வழியாக வருவதில்லை. அழுக்கான கையோடும் கழுவாத காய்கறியோடும் முட்டையாக வாய்க்குள் போய், பெருங்குடலில் பொரிகிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் எலிகளைத் தாக்கும் சாட்டைப் புழுவை எடுத்துக்கொண்டு 2010-இல் ஒரு விந்தையைக் கண்டுபிடித்தார்கள். குடலிலுள்ள பாக்டீரியா வந்து முட்டையில் ஒட்டிக் கொண்டால்தான் அது பொரிகிறது. பாக்டீரியா குறைந்த குடலில் முட்டை முட்டையாகவே கிடக்கிறது. அதே நகரத்தார் 2018-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். உள்ளே குடியேறிய புழு, குடலின் நுண்கிருமிக் கூட்டத்தை மாற்றிவிடுகிறது. அப்படி மாறிய கூட்டத்தில் புதிதாக வரும் முட்டைகள் எளிதில் பொரிவதில்லை. அதாவது, ரயிலில் இடம் பிடித்து உட்கார்ந்தவர் அடுத்த ஸ்டேஷனில் ஏறுகிறவரைக் கதவைச் சாத்தி நிறுத்தி விடுவது போன்ற காரியம்.

புழு இந்த மாற்றத்தை எவ்வாறு உண்டாக்குகிறது? குடற்சுவரில், தலையில் குடுமி வைத்தாற்போன்ற ஒருவகை உயிரணு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது. அது எதற்காக இருக்கிறது என்று நெடுங்காலம் தெரியவில்லை. அந்தக் குடுமிக்காரர்தான் புழுவின் வருகையை மோப்பம் பிடித்து மணி அடிக்கும் காவற்காரர் என்று 2016-இல் தெளிவாயிற்று. மணி அடித்ததும் குடல் கோழையை ஏராளமாகச் சுரக்கிறது. உள்ளிருப்பதை வேகமாக வெளியே தள்ளப் பார்க்கிறது. இது புழுவை விரட்டச் செய்யும் ஏற்பாடு. ஆனால் கோழை கூடினால் அதில் வாழும் நுண்கிருமிகளின் ஜாதியும் மாறிவிடும். வாய்க்காலில் தண்ணீர் கூடினால் கரையில் முளைக்கும் பூண்டு மாறுவதில்லையா?

நியூயார்க் சர்வகலாசாலையார் 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு நல்ல உதாரணம். குடல் வீக்கத்துக்கு இலக்கான ஒருவகை எலிகளில் புழுவை ஏற்றினார்கள். கோழை கூடியது, வீக்கத்தை உண்டாக்கும் ஒருவகை பாக்டீரியா குறைந்தது, அதற்குப் பதிலாக வேறு இனம் பெருகியது. வீக்கமும் தணிந்தது. மலேயாவில் ஓராங் அஸ்லி என்னும் ஆதிவாசிகளைப் பரிசோதித்தபோது, புழு மருந்து கொடுத்த பின்னர் அவர்களுடைய குடலில் இதற்கு நேர்மாறான மாறுதல் காணப்பட்டது. அதே மக்களிடையே 2014-இல் நடந்த வேறோர் ஆராய்ச்சி, புழு உள்ளவர்களின் குடலில் நுண்கிருமி வகைகள் அதிகமாக இருப்பதாகவும் சொல்லியது.

ஆகா, புழு நல்லதுதான் போலிருக்கிறதே என்று அவசரப்பட வேண்டாம். ஈக்வடார் தேசத்துக் குழந்தைகளிடம் 2013-இல் பார்த்தபோது, சாட்டைப் புழு இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை தென்படவில்லை. இந்தோனேஷியாவில் மருந்து கொடுத்துப் பார்த்த 2018-ஆம் வருஷத்து ஆராய்ச்சியும் பெரிய மாறுதலைக் காணவில்லை. புழு எந்த ஜாதி, எத்தனை புழு, உண்பது அரிசியா மரவள்ளியா என்பவற்றைப் பொறுத்து விடை மாறுகிறது. ஒரே மழை நன்செய்யில் ஒரு விதமாகவும் புன்செய்யில் ஒரு விதமாகவும் பலன் தருவது நம் மிராசுதார்களுக்குத் தெரியாத விஷயமா?

வரப்பில் நண்டு வளை

நமது தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சி இந்த விஷயத்தின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அதைச் சொல்லுமுன் உழவர்களின் பாஷையில் ஓர் உவமை சொல்ல வேண்டும்.

நடவுக்கு முன்னால் வயலில் இறங்கும் ஆள் முதலில் செய்யும் வேலை வரப்புக் கழித்து அண்டை கட்டுவது. ஏன்? வரப்பில் நண்டு வளை போட்டிருக்கும். வெளியே பார்த்தால் வரப்பு கம்பீரமாகத்தான் நிற்கும். ஆனால் இரவோடு இரவாக அந்த வளை வழியே நம் வயல் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும்.

குடற்சுவரும் ஒரு வரப்புத்தான். அதற்கு இந்தப் பக்கம் கோடானுகோடி நுண்கிருமிகள்; அந்தப் பக்கம் நம் இரத்தம். இந்தப் பக்கத்துச் சரக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது. போனால் உடம்பு முழுவதும் மெல்லிய நெருப்பு மூண்டது போன்ற அழற்சி உண்டாகும்.

ஸ்டிராஞ்சிலாய்டிஸ் என்று ஒரு நுண்ணிய புழு. கொக்கிப் புழுவைப் போலவே மண்ணிலிருந்து காலின் வழியாக ஏறி, சிறுகுடலின் சுவருக்குள்ளேயே துளைத்து வாழ்கிறது. உள்ளேயே இனம் பெருக்கிக் கொள்வதால், மருந்து சாப்பிடாவிட்டால் பல பத்து வருஷங்கள் ஒருவரிடமே தங்கியிருக்கும். சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், இந்தப் புழு உள்ள தமிழ்நாட்டு மக்களின் இரத்தத்தைச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். குடல் பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் நச்சுப் பொருள் அவர்கள் இரத்தத்தில் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. அழற்சியின் அடையாளங்களும் கூடியிருந்தன. புழுவுக்கு மருந்து கொடுத்த பின்னர் அவை தணிந்தன. வேறு விதமாகச் சொன்னால், நண்டைப் பிடித்து வளையை அடைத்ததும் கசிவு குறைந்தது.

புழு செய்யும் தீங்கு அது உறிஞ்சும் இரத்தத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதை இது விளக்குகிறது. நமக்கு உதவியாக இருந்த நுண்கிருமிகளைக் கூட இடம் தவறச் செய்து, நமக்கே பகையாக்கி விடுகிறது. வயலில் நின்றால் பயிருக்கு உயிராகும் அதே தண்ணீர், வரப்பு உடைந்து களத்துமேட்டில் ஏறினால் நெல்லை முளைக்க வைத்து நாசமாக்கும் அல்லவா?

புழுவைப் போற்றலாமா?

சில வருஷங்களாக மேல்நாட்டில் ஒரு பேச்சு அடிபடுகிறது. 'புழு ஒழிந்த தேசங்களில்தான் ஒவ்வாமையும், ஆஸ்துமாவும், குடல் வீக்க நோயும் பெருகுகின்றன. ஆகவே புழு வேண்டும்' என்கிறார்கள். 2005-இல் அமெரிக்க டாக்டர்கள் பன்றியின் சாட்டைப் புழு முட்டைகளைக் குடல் நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் குணம் தெரிந்தது. ஆனால் 2013-இல், பெரிய அளவில் போலி மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. புழுவை விட்டுவிட்டு, அது சுரக்கும் எந்தப் பொருள் உடம்பின் கோபத்தைத் தணிக்கிறது என்று இப்போது தேடுகிறார்கள். தேடட்டும், அகப்பட்டால் நல்லதே.

ஆனால் நம் நாட்டில் புழுவுக்கு வக்காலத்து வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். நுண்கிருமியின் வகை பெருகிற்று என்ற லாபத்துக்கு யார் விலை கொடுப்பது? வயிறு நிறைய உண்டு, செருப்பணிந்து, பரிசோதனைக்குத் தாமே இசைந்து வரும் சீமான் உடம்பில் ஏற்றிய பத்துப் புழு வேறு. பதினாலு வயதில் பெரியவளாகி, அரைவயிற்றுக் கஞ்சியோடு பள்ளிக்கு நடந்து வரும் பெண்ணின் குடலில் கேட்காமல் ஏறிய நூறு புழு வேறு. அவள் நாளைக்குத் தாயாகும்போது அந்த இரத்தக் குறைவு பிரசவ அறைக்கும் கூடவே வரும். குடலின் செழிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவளுடைய கண்ணிமையையும் ஒரு முறை இழுத்துப் பார்க்கட்டும்.

மாத்திரையும் மண்ணும்

2015-ஆம் வருஷம் பிப்ரவரி 10-ஆம் தேதி முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடைபெற்று வருகிறது. ஒரு வயது முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். இரண்டு வயது நிரம்பியவர்களுக்கு 400 மில்லி கிராம். அதற்குக் கீழே பாதி. கார்பன் டெட்ரா குளோரைடு விழுங்கிய பாட்டனார்களை நினைத்தால், சப்பிச் சாப்பிடும் இந்த மாத்திரை கற்கண்டுக்குச் சமானம்.

'மாத்திரை நல்ல கிருமிகளையும் கொன்றுவிடாதா?' என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இந்த மருந்து புழுவின் உயிரணுவுக்குள் சட்டம் போலத் தாங்கி நிற்கும் ஒரு புரதத்தைப் பிடித்துக் கொள்கிறது. பாக்டீரியாவில் அந்தச் சட்டம் கிடையாது. ஆகவே காய்ச்சலுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் நுண்கிருமிகளை வாரிக்கொண்டு போவது போல் இது செய்வதில்லை. புழு நீங்கிய பிறகு கிருமிகளின் கூட்டம் சற்றே மாறினால், அது கெட்ட குத்தகைக்காரர் போன பிறகு நிலம் தன் இயல்புக்குத் திரும்பும் மாறுதல் என்று கொள்ளலாம்.

மாத்திரையால் ஆகாதது ஒன்று உண்டு. அது மண்ணைச் சுத்தம் செய்யாது. பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2012-இல் பார்த்தபோது, மருந்து கொடுத்த ஒரு வருஷத்துக்குள் உருளைப் புழு ஏறக்குறையப் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. கொக்கிப் புழு பழைய அளவில் பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. தவிர, கொக்கிப் புழு பெரியவர்களிடம் அதிகம். பிள்ளைகளுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், தகப்பனும் தாயும் தோப்பில் விதைத்துக் கொண்டே இருப்பார்கள். இதை உத்தேசித்துத்தான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 2017 முதல் திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் ஒரு பெரிய பரீட்சை நடத்தினார்கள். சில ஊர்களில் சிறுவர் முதல் கிழவர் வரை எல்லோருக்கும் வருஷத்துக்கு இரு முறை மருந்து கொடுத்தும், மற்ற ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தும், புழுவின் சங்கிலியை அறுக்க முடியுமா என்று பார்த்தார்கள். ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி என்ற இரு தேசங்களிலும் அதே பரீட்சை நடந்தது.

எந்த மருந்தானாலும், கடைசியில் கக்கூசும் செருப்பும் சோப்பும் இல்லாமல் காரியம் முடியாது. 1930-களிலேயே ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் பூமியில் ஆழத் துளையிட்டு அமைக்கும் கழிப்பிடத்தை இந்தியாவில் பரப்ப முயன்றது இந்தப் புழுவுக்காகத்தான். இன்று கிராமங்களில் கழிப்பறைகள் நிறையக் கட்டியாகிவிட்டன. சில வீடுகளில் அவற்றில் விறகும் வறட்டியும் பத்திரமாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் ஊரறிந்த சங்கதி.

'எங்கள் வீட்டுக் குழந்தைகள் செருப்பில்லாமல் வாசற்படி தாண்டுவதில்லை, எங்களுக்கென்ன?' என்று நினைக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. உருளைப் புழுவின் பெண் ஒன்று தினம் 2 லட்சம் முட்டை இடும். அது கீரைக்கட்டோடும் கொத்தமல்லியோடும் உங்கள் சமையலறைக்குள் நுழையக் கூடியது. அதற்கு ஜாதியும் தெரியாது, தெருவும் தெரியாது. ஊர் மண் முழுவதும் சுத்தமானால்தான் ஒரு வீட்டுக் கூடம் சுத்தமாகும்.

வயலுக்கு எரு

களை எடுத்தால் மட்டும் விளைந்துவிடாது. எருவும் போட வேண்டும். புழு நீங்கிய குடலில் நல்ல நுண்கிருமிகளைப் பேணுவதற்கு மருந்துக்கடைக்குப் போக வேண்டிய அவசியமில்லை.

சோறு வடித்து ஆறவிட்டால், அதிலுள்ள மாவுச் சத்தில் ஒரு பங்கு கெட்டிப்பட்டு, சிறுகுடலில் ஜீரணமாகாமல் பெருங்குடலுக்குப் போய் நுண்கிருமிகளுக்கு ஆகாரமாகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில் இத்தகைய ஜீரணமாகாத மாவைக் கலந்து கொடுத்தார்கள். அந்த மாவு மக்காச்சோளத்திலிருந்து எடுத்தது. பேதி விரைவில் நின்றது என்று 2000-ஆம் வருஷம் உலகப் புகழ் பெற்ற மருத்துவப் பத்திரிகையில் அவர்கள் எழுதினார்கள். குடல் கிருமிகள் அந்த மாவை அமிலமாக்க, அந்த அமிலம் பெருங்குடலைக் கொண்டு உப்பையும் நீரையும் மீட்டெடுக்கச் செய்தது. நாம் பிள்ளைப் பிராயத்தில் பாட்டிமார்களின் கையால் வாங்கி உண்ட பழைய சோறு இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். இரவில் ஊற்றும் தண்ணீர் மட்டும் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும்.

அதோடு முருங்கைக் கீரையும், பயறும், ஒரு மூடி எலுமிச்சம்பழமும் சேர்ந்தால் இழந்த இரத்தமும் மெல்ல மெல்ல ஊறும். சோகை கடுமையாக இருந்தால் டாக்டர் சொல்லும் இரும்புச் சத்து மாத்திரையைத் தள்ளக் கூடாது. காபியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் காபியின் கௌரவம் குறைந்துவிடாது.

காவேரி கொண்டுவந்து போட்ட வண்டல் மண்ணில் நெல் நட்டுப் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் கைகள், தங்கள் சோற்றின் பலனைத் தாங்களே அடைய வேண்டாமா? அடுத்த குடற்புழு நீக்க நாளில் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மாத்திரை கிடைத்ததா என்று விசாரிக்கும்போது, வயலிலும் அடுக்களையிலும் உங்களுக்காக உழைப்பவர்களின் பிள்ளைகளுக்கும் கிடைத்ததா என்று சேர்த்து விசாரியுங்கள். கொல்லையில் கட்டிய கழிப்பறையிலிருந்து விறகை அப்புறப்படுத்துங்கள். நடவுக்கு வரும் பெண்கள் வரப்பு ஓரம் ஒதுங்க நேராதபடி அவர்களுக்கும் ஓர் இடம் செய்து கொடுங்கள்.